பூக்காத கொன்றையை மிரட்டிய நாள்

காகிதப்பூக் கொடியை வாட விட்டால்தான் அது பூக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டேன். திரும்பிப் போனபோது கொடி முழுவதும் இலை தொங்கிக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். பத்து நாளில் இலையே தெரியாத அளவுக்குச் சிவப்பு. அதன்பிறகு ஒவ்வொரு தை மாதமும் அதற்குத் தண்ணீரை நிறுத்திவிடுவேன். இலை சுருளும், நுனி கருகும். பார்த்துக்கொண்டே கடந்துபோவேன். பூத்ததும், வருகிறவர்கள் கைராசி என்பார்கள். கைராசி ஒன்றும் இல்லை. நெஞ்சில் ஈரம் இல்லாமல் இருந்தால் போதும்.

பங்களா கண்டோன்மென்டில் இருந்தது. நான் எடமலைப்பட்டி புதூரிலிருந்து சைக்கிளில் போவேன். வீட்டுக்காரருக்குப் பெரிய உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் எல்லாம் அவர் மனைவி, அந்த அம்மாதான். எனக்கு அவர் வைத்த பெயர் ஊமை. நான் ஊமை இல்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் காது சுடும், சத்தம் வராது, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னபோது தொடங்கிய வியாதி அது. ஒருமுறை விருந்தாளி ஒருவர் போர்டிகோவில் படர்ந்திருந்த ரங்கூன் மல்லியைக் காட்டி என்ன கொடி என்று என்னிடம் கேட்டார். நான் விழித்தேன். "அவன்கிட்ட ஏன் கேக்குறீங்க? கொடிகிட்டயே கேளுங்க, அது முதல்ல பதில் சொல்லும்" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

அந்தத் தோட்டத்தில் எல்லாம் அம்மா நர்சரியில் வாங்கி வைத்தவை. செம்பருத்தி, அடுக்கு அரளி, காகிதப்பூ, எல்லாம். ஒன்றே ஒன்றுதான் நான் கொண்டுவந்தது. திருவானைக்காவலில் ஒரு சாக்கடை ஓரச் சுவர்ப் பிளவில் முளைத்திருந்த சரக்கொன்றைக் கன்று. பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்து வந்து, வாசல் கேட்டுக்கு வலப்பக்கம் நட்டேன். அம்மாவிடம் வாய் திறந்து அனுமதி கேட்ட ஒரே விஷயம் அது. "பூக்குமா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அது பூக்கவில்லை. ஏழு வருஷம் வளர்ந்தது, மாடி உயரம் வந்தது, ஒரு சரம்கூடத் தொங்கவில்லை.

கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடும். மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, பூந்தொட்டிகளுக்கு மட்டும்தான் என்பது அம்மாவின் கண்டிப்பு. நான் சாயங்காலம் புறப்படுமுன் யாருக்கும் தெரியாமல் இரண்டு வாளி கொன்றைக்கு ஊற்றிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவேன். மாசியில் தெருவில் இருந்த கொன்றைகள் எல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். என்னுடையது மட்டும் பச்சையாக நிற்கும். அதில் எனக்கு ஒரு பெருமை. காகிதப்பூவைப் பட்டினி போட்ட அதே கையால்தான் இதற்கு ஊற்றினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை. தெருவெல்லாம் மஞ்சள். அம்மா கேட்டில் நின்று மேலே பார்த்தார்.

"வைகாசிக்குள்ள பூக்கலைன்னா இதையும் வெட்டிடுவேன், உன்னையும் வேற எடம் பார்க்கச் சொல்லிடுவேன். ரெண்டும் தின்னுட்டு சும்மா நிக்குது."

வீட்டில் எனக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

வைகாசியும் வந்தது. சமையல்கார அம்மாளுக்குத் துறையூர்ப் பக்கம். அவள் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சொன்னாள்: "எங்க ஊர்ல காய்க்காத மரத்தை மெரட்டுவாங்கம்மா. ஒருத்தர் கோடாலியை ஓங்கிக்கிட்டு, வெட்டப் போறேம்பாரு. இன்னொருத்தர் கையைப் புடிச்சு, வேணாம் விட்டுடுங்க, அடுத்த வருஷம் பூக்கும், நான் பொறுப்புன்னு சொல்லணும். மூணு வாட்டி, ஒவ்வொரு வாட்டியும் பட்டையில லேசா ஒரு கொத்து. மரம் பயந்துக்கிட்டுப் பூத்துடும்."

அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தன் தங்கைகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும் டிபனுக்கு வரும்போது செய்யலாம் என்றார். கோடாலி வாட்ச்மேனுக்கு. பரிந்து பேசுவது எனக்கு. "ஊமை பேசி நாம பார்த்ததில்லையே, மரத்துக்காகப் பேசட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம் நான் வாளியோடு நின்றபோது சமையல்கார அம்மாள் பின்கட்டிலிருந்து பார்த்துவிட்டாள்.

"இதுக்கு எதுக்குண்ணே தண்ணி? ரோட்டுல இருக்கிறதுக்கு யாரு ஊத்துறா, அதெல்லாம் பூக்கலையா?"

வாளியைக் கீழே வைத்தேன். காகிதப்பூ பக்கம் பார்த்தேன். ஏழு வருஷமாக நானே அதைப் பூக்க விடாமல் பிடித்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. தண்ணீரை நிறுத்தினால் அடுத்த வருஷம் பூக்கும். நாளைக்கு நான் சொல்ல வேண்டிய வார்த்தை வெறும் விளையாட்டு இல்லை, உண்மை. சைக்கிளை மிதித்துக்கொண்டே எடமலைப்பட்டி புதூர் வரைக்கும் அதைச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வருஷம் பூக்கும், நான் பொறுப்பு. அடுத்த வருஷம் பூக்கும், நான் பொறுப்பு.

மறுநாள் மரத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் காபி. வாட்ச்மேன் கோடாலியை ஓங்கினான்.

"பூக்காத மரம் எதுக்கு? வெட்டப் போறேன்!"

நான் அவன் கையைப் பிடித்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வாட்ச்மேன் வழக்கப்படி பட்டையில் லேசாக ஒரு கொத்துக் கொத்தினான்.

"ஐயோ, மரத்துக்கு வக்கீலே சரியில்லையே" என்றார் தங்கை வீட்டுக்காரர் ஒருவர்.

இரண்டாம் தடவை. காது சுட்டது. "யோவ், சொல்லுய்யா" என்று வாட்ச்மேன் மெதுவாகச் சொன்னான். "வேணாம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்." இரண்டாவது கொத்து.

"பாருங்க, பாருங்க, அழுதுடுவான் போல இருக்கு" என்றார் சின்னத் தங்கை. ஒருவருக்குக் காபி புரையேறியது. அம்மா சிரித்துக்கொண்டே என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். "ஏழு வருஷம் என் சோத்தைத் தின்னிருக்கே. ஒரு வார்த்தை வரலையா? மரமும் மலடு, நாக்கும் மலடா?"

வாட்ச்மேன் மூன்றாம் முறை ஓங்கினான். நான் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

"வெட்டுங்க!"

சிரிப்பு நின்றது. அந்தச் சடங்கில் யாரும் சொல்லாத வார்த்தை அது. வாட்ச்மேன் கோடாலியை அந்தரத்தில் பிடித்தபடி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். சமையல்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மாதான் முதலில் சுதாரித்தார். "அட, பேசுறானே! சரி, நட்டவனே சொல்லிட்டான். கோடாலியை அவன்கிட்டயே குடு."

அப்போதும் நேரம் இருந்தது. தப்பு என்னுடையது, தண்ணீர் ஊற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மரம் நின்றிருக்கும். கிணற்றுத் தண்ணீரைத் திருடினவன் என்று நான் வெளியே போயிருப்பேன். கோடாலியை வாங்கிக்கொண்டேன். ஈரம் குடித்து வளர்ந்த கட்டை, வெட்ட எளிதாக இருந்தது. அவர்கள் உள்ளே போய்த் தட்டில் கை வைத்தபோது மரம் கேட்டுக்கு வெளியே சாய்ந்து கிடந்தது. முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் மிச்சம். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குக் கேசரிகூட வந்தது. தின்றேன்.

மழைக்கு அடிக்கட்டை துளிர்த்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை, துளிர்களைக் கிள்ளவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. ஒரு குச்சி மட்டும் பிழைத்து உயர்ந்தது. நாலாவது வருஷம் மாசியில் அது மொட்டையாக நின்றது. சித்திரையில், என் தலை உயரத்துக்குச் சற்று மேலே, மூன்று மஞ்சள் சரங்கள் தொங்கின.

அம்மா தங்கைகளை வரவழைத்துக் காட்டினார். "நாந்தான் சொன்னேன்ல? பயம் காட்டினாப் பூக்காது. வெட்டணும். வெட்டினாத்தான் புத்தி வரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, சரிதானே?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெட்டியதால் அல்ல, நான் ஊற்றுவதை நிறுத்தியதால் பூத்தது என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். காது சுட ஆரம்பித்தது.

தலையாட்டினேன்.

அந்த வருஷம் அம்மா பின்பக்கம் பூக்காமல் நின்ற இரண்டு மரங்களைக் காட்டினார். ஒன்று நாகலிங்கம், ஒன்று மந்தாரை. கோடாலி எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.