வயிற்று வலி என்று எழுதியவன்

போன வாரம் மகள் வீட்டில் பேரன் விடாமல் அழுதான். மகள் அலமாரியிலிருந்து ஓமத் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, "வயித்து வலி போலப்பா" என்றாள். நான் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். பிள்ளை அழுவதைக் கேட்கப் பொறுக்காமல் போகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். பிள்ளைகள் அழுவது எனக்குப் பழக்கம்தான். நான் பொறுக்காமல் போனது அந்த வாசனையை. அதோடு சேர்ந்து வந்த அந்த இரண்டு வார்த்தைகளை.

ஓம வாசனை என்றால் எனக்கு ரைட்டர் அண்ணாச்சி ஞாபகம்தான். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வருகிற புகார்களை எழுதிப் பதிகிற ஏட்டு. கதை எழுதுகிறவர் என்று நினைத்தாலும் பெரிய தப்பில்லை. அவருக்குக் குடல்புண் இருந்தது. மேஜை இழுப்பறையில் ஒரு பக்கம் முத்திரை, மை. இன்னொரு பக்கம் ஓமத் தண்ணீர். நான் காலையில் போனதும் ஒரு மடக்குக் குடித்து, முகத்தைச் சுளித்து, முதல் நாள் செத்தவர்களை எனக்கு வாசித்துக் காட்டுவார். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். கோவில்பட்டியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ஒன்று.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்துநாலு வயசு. பகலில் பருத்திக் கமிஷன் கடையில் எழுத்து வேலை. காலையும் சாயங்காலமும் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபர். சைக்கிள் மட்கார்டில் சிவப்பு மையால் 'பிரஸ்' என்று எழுதி வைத்திருந்தேன். கழுகுமலைச் சாலையில் ஒருத்தர் நிறுத்தி, தன் மகள் கல்யாணப் பத்திரிகை அடித்துத்தர எத்தனை நாளாகும் என்று கேட்டார். அந்த எழுத்தால் எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். செய்தியை எழுதிக் கவரில் போட்டுத் திருநெல்வேலி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ பேப்பரில் வரும்.

வந்ததில் முக்கால்வாசி சாவுதான். அதற்கென்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. லாரி மோதினால் 'சம்பவ இடத்திலேயே துடிதுடித்து'. மில் முதலாளி 'இயற்கை எய்தினார்'. கட்சிக்காரர் 'அமரரானார்'. கூலிக்காரர் வெறுமனே 'இறந்தார்'. கல்யாணமான பெண் கிணற்றில் கிடந்தால் 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த'. பேரையும் வயசையும் மாற்றினால் போதும். அந்தக் கரிசல் ஊர்களில் இத்தனை பெண்களுக்கு ஏன் வயிறு வலிக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. என் சட்டைப் பையில் இரண்டு பேனா வேறு இருந்தது.

சாவை மதிக்கிற சீமைதான் எங்களுடையது. கயத்தாறில் வெள்ளைக்காரன் தூக்கிலிட்ட பாளையக்காரருக்குச் சிலை நிற்கிறது. மணியாச்சியில் கலெக்டரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவரின் பெயர் பின்னாளில் ரயில் நிலையத்துக்கே வந்தது. பெண்கள் இப்படிச் செத்தால் அந்தக் காலத்தில் ஓடைக்கரையில் கல் நட்டு, அம்மன் என்று பேரிட்டு, வருஷத்துக்கு ஒரு பொங்கல் வைப்பார்கள். பயந்து வைத்தார்களோ பாசத்தில் வைத்தார்களோ, செத்தவள் கோபமாக இருக்கிறாள் என்றாவது ஊர் ஒத்துக்கொண்டது. பேப்பர்க்காரர்கள் நாங்கள் வந்து அந்தக் கோபத்தை வயிற்று வலி ஆக்கினோம்.

சண்முகத்தாயைப் பற்றி நான் எழுதியது நாலு வரி. வயசு இருபத்தாறு, இன்னாருடைய மனைவி, வயிற்று வலி, கிணறு. செய்தி வந்த மூன்றாம் நாள் மத்தியானம் கமிஷன் கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபது வயசு இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள் என்று விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. நகக்கண்ணெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"நீங்கதான இத எழுதுனது?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பேன். அதுவரை என்னைத் தேடி எந்த வாசகரும் வந்ததில்லை.

அவள் பேர் கோமதி. செத்துப்போனவளின் தங்கை. தாய் தகப்பன் இல்லை, அக்காள்தான் வளர்த்தவள். பக்கத்துக் கிராமத்தில் காடுகரை வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் அக்காளைக் கட்டிக் கொடுத்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. மாப்பிள்ளைக்கு இரண்டாந்தாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் பஞ்சுப் பொதி பக்கத்தில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எங்க அக்காளுக்கு வயித்து வலியே கெடையாது அண்ணாச்சி. எனக்கு நீச்சல் பழக்குனதே அவதான். முதுகுல சொரக்குடுக்கையக் கெட்டித் தள்ளி விடுவா. நீச்சல் தெரிஞ்சவ கெணத்துல விழுந்தா கை சும்மா கெடக்குமா?"

அந்த வீட்டார்தான் அக்காளை ஏதோ செய்துவிட்டார்கள் என்பது அவள் நினைப்பு. ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். புருஷன் வீட்டார் எழுதிக் கொடுத்ததைத்தான் பதிந்திருக்கிறோம், வேறு சாட்சி இருந்தால் கூட்டிவா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விசாரிக்கிறேன் என்று சொன்னேன். அவள் போன பிறகு வெகுநேரம் என் கை பேரேட்டில் சும்மா கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குச் சைக்கிளில் போனேன். பங்குனி வெயில். நிலம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். கடைசிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் மாமியார் எனக்கு மோர் கொடுத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு வலிதான், பார்க்காத வைத்தியம் இல்லை என்று சொன்னார். புருஷன் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. மாடு குடித்து முடித்த பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றார். கொலைகாரனைக் கண்டுபிடிக்க வந்தவன் நான். அந்த மனிதரைப் பார்த்ததும் அந்த வேகம் போய்விட்டது.

கிணறு ஊருக்கு மேற்கே. வெட்டிய காலத்துக் கல்லெல்லாம் பக்கத்திலேயே மேடாகக் கிடந்தது. அங்கே மாடத்தி என்கிற நடுவயசுக்காரி தலைச்சுமையாகக் கொண்டுவந்த பருத்திமார் விறகை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக் காட்டில் வேலை செய்கிறவள். சண்முகத்தாயை மேலே தூக்கியபோது சேலையைச் சரி செய்தது அவள்தான் என்று ஊருக்குள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியாது என்றாள். கோமதி என்னிடம் வந்ததைச் சொன்னேன். நீச்சல் விஷயத்தையும் சொன்னேன். மாடத்தி கல்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பேரு வரக் கூடாது தம்பி. பருத்தி எடுக்கப் போனா மடி கெட்டுவோம்லா, அப்படிக் கெட்டியிருந்தா. உள்ள பருத்தி இல்ல. அம்புட்டும் இந்தக் கல்லு."

போலீஸ் வருவதற்கு முன்னால் மாமியார்தான் அதை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். கல்லோடு பார்த்தால் கேஸ் பெரிதாகிவிடும் என்று பயம். வேறு யாராவது கட்டிவிட்டிருப்பார்களோ என்று நான் கேட்டேன்.

"மடி கெட்டுதது ஒவ்வொருத்திக்கும் ஒரு தினுசு. ஆறு வருசம் எனக்கு அடுத்த நெரையில பருத்தி எடுத்தவ. அது அவ கெட்டுதான்."

அவள் செத்ததற்கு மறுநாள்தான் இரண்டாந்தாரத்துக்கு நிச்சயம் வைத்திருந்தார்களாம். மூத்தவளுக்குச் சம்மதம் இருந்தால்தான் பெண் தருவோம், அவளே தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வரவேண்டும் என்று பெண் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தார்கள். நான் சைக்கிளை எடுக்கும்போது மாடத்தி சொன்னாள்: "வயித்துனாலதான் செத்தா தம்பி. வலியினால இல்ல."

கோமதியிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். யாரையோ பழிசொல்லிக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கோபத்தில் நிற்கிறாள். அதையும் எடுத்துவிட்டால் என்ன ஆவாள்? ஆனால் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மறுநாள் சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வெளியே வந்தவளிடம் சொன்னேன். அவள் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள். கூட வந்த பெண்கள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து நின்றார்கள்.

"அப்ப விழல" என்றாள். நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையை உரித்துவிட்டு, "அவ கையி நீந்தும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அழவில்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "தட்டத் தூக்க மாட்டேன்னுட்டுத்தான் போயிருக்கா. அத எழுதுங்க அண்ணாச்சி. வயித்து வலின்னு போட்டா, ஏதோ தாங்க மாட்டாத கோழி மாதிரி இருக்கு."

எழுதினேன். என் வாழ்நாளில் தயார் வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல் எழுதியது அந்த ஒரு பக்கம்தான். மாடத்தி பேரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதி, கண்டக்டரிடம் பத்திரம் பத்திரம் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கே போனேன். அங்கே செய்தி மேஜையில் இருந்தவர் கெட்டவர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். சாட்சி பேர் போட முடியுமா, அவள் கையெழுத்துப் போட்டுத் தருவாளா, புருஷன் வீட்டார் வழக்குப் போட்டால் யார் நிற்பது? "அடுத்து ஒண்ணு வராமலா போகும், அத நல்லா எழுதும் வே" என்று தோளைத் தட்டி அனுப்பினார்.

இதை நான் கோமதியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. தினமும் காலையில், ஆபீசுக்குப் போகிற வழியில், கோமதி அங்கே நின்றபடியே பேப்பரைப் பிரித்து எங்கள் ஊர்ப் பக்கத்தை மேலிருந்து கீழே வரை வாசிப்பாள். பிறகு மடிப்புக் கலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். முதல் நாள் தூரத்திலிருந்து பார்த்ததும் சைக்கிளைத் திருப்பினேன். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாமல் சந்து சந்தாகச் சுற்றி ஸ்டேஷனுக்குப் போனேன். 'பிரஸ்' என்ற எழுத்தை ஒருநாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன். ஆனி மாதம் வாக்கில் துணிச்சல் வந்து அந்த வழியாகப் போனபோது அவள் இல்லை. சிவகாசிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆவதற்கு முதல் நாள் வரை பேப்பர் பார்த்தாளாம். டீக்கடைக்காரர் சொன்னார்.

இன்னும் நாலு வருஷம் எழுதினேன். பெண்கள் சாவு வந்தால் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி அனுப்புவேன். அச்சில் பார்த்தால் வயிற்று வலி என்று திருத்தியிருப்பார்கள். ரைட்டர் அண்ணாச்சி குடல்புண் முற்றிச் செத்தார். எனக்குத் தெரிந்து உண்மையிலேயே வயிற்று வலியால் செத்தது அவர் ஒருவர்தான். அவருக்கு 'உடல்நலக் குறைவால்' என்று போட்டார்கள்.

அதன்பிறகு கிணற்றை எட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. அதைக்கூட ஒருவிதமாகச் சமாளித்துவிடலாம். பருத்திக் காலத்தில் மடி கட்டிக்கொண்டு சாயங்காலம் வரிசையாகத் திரும்புகிற பெண்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. பருத்தி எடை இல்லாதது. மடி உப்பி நிற்கும், நடையில் அசையும். யாருடைய மடியாவது தணிந்து, அசையாமல் இருக்கிறதா என்று என் கண் தானாகத் தேடும். பஸ்ஸில் போகும்போதும் தேடும். கல்யாணமான புதிதில் என் மனைவி அரிசியை மடியில் வாங்கிக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் அதைப் பிடித்துக் கொட்டிவிட்டேன். ஏன் என்று அவளிடம் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது.

இந்தச் சித்திரையில் கயத்தாறில் ஒரு கல்யாணம். திரும்பும்போது என்ன தோன்றியதோ, சண்முகத்தாய் செத்த ஊரில் இறங்கிவிட்டேன். பருத்தி இல்லை. காடெல்லாம் வேலிக்கருவேல், நடுநடுவே காற்றாலை. கிணறு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தூர்த்து, கல்மேட்டையும் சாலை போட அள்ளிவிட்டார்களாம். மாடத்தி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். ஓடைக்கரையில் ஏதாவது கல் நட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை.

நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். நாற்பது வயசைத் தாண்டியவர். எந்த வீடு என்று விசாரித்ததில், அன்று வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் மகன்தான், இரண்டாந்தாரத்துப் பிள்ளை. அப்பா தவறி எட்டு வருஷம் ஆகிறது, அம்மா தூத்துக்குடியில் அக்காள் வீட்டில் இருக்கிறாள் என்றார். உங்கள் அப்பாவின் மூத்த சம்சாரத்தின் ஊர்க்காரர்கள் யாராவது வந்து போவதுண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"வேற வீட்டச் சொல்லுதீங்க அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கு ஒரு கல்யாணந்தான்."

அவளைத் தெரிந்தவர்களில் இந்த ஊரில் இப்போது நிற்பது நான் ஒருவன்தான்; நானும் அவளை உயிரோடு பார்த்ததில்லை. இருந்தாலும் பேரைச் சொன்னேன்.

"சண்முகத்தாயா?" என்று அவர் மரியாதைக்கு ஒரு தடவை திருப்பிச் சொன்னார். யோசித்துவிட்டு, தெரியாது என்று தலையை ஆட்டினார். பஸ் வந்தது. எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றுகொண்டார்.