கொலோமாவின் போர்வை

மெனோர்காத் தீவில், காற்றே நுழையாத ஒரு சந்தில் எங்கள் தொமேவு ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று வெளியூர்க்காரர்கள் தினமும் அவரைத்தான் கேட்பார்கள். வாடைக்காற்று அடித்தால் வடகரையில் நிற்கவே முடியாது. தொமேவு கொல்லைக்குப் போய், வானத்தைப் பார்ப்பதுபோல் மாடியைப் பார்ப்பார். மனைவி கொலோமா காயப்போட்ட போர்வை பறந்தால் தெற்கு. சும்மா தொங்கினால் வடக்கு. முப்பது வருடம் தப்பியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை எல்லோரையும் வடக்கே அனுப்பினார். காதெல்லாம் மணலோடு திரும்பி வந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். தொமேவு மாடிக்கு ஓடினார்.

"இன்னிக்குப் போர்வை ஏன்டி ஆடவே இல்ல?"

"காத்துல பறந்து போகுது, கிளிப் வாங்கிட்டு வாய்யான்னு ஒரு மாசமா கத்துறேன், கேட்டியா? கல்லைக் கட்டித் தொங்கவிட்டுட்டேன்."

இப்போதெல்லாம் ரொட்டியை அவரிடம் வாங்கிக்கொண்டு, மாடியைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள்: "கொலோமா அக்கா, இன்னிக்கு வடக்கா, தெக்கா?"