அம்மாவின் ஊர் பேப்பரில் வந்த நாள்

அம்மாவின் ஊர் எது என்று யாராவது கேட்டால் மண்ணச்சநல்லூர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டில் 'அம்மா ஊர்' என்றால் அது ஏமனில் மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அம்மா பிரசவ வார்டு நர்ஸ். அப்பாவுக்குத் துவாக்குடிப் பக்கம் தொழிற்சாலை வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். எங்களுக்குச் சமைத்துப் போட அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து தங்கியிருந்தாள்.

அங்கே போர் ஆரம்பித்த புதிதில் டிவியில் அடிக்கடி காட்டினார்கள். நம் ஊர்க்காரர்கள் விமானத்திலிருந்து பையும் குழந்தையுமாக இறங்கி வந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை. "எனக்குப் பதிலா ஒரு ஆள் வந்து நிக்கட்டும், அடுத்த ஃப்ளைட்லயே கிளம்பிடறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். ஆள் வரவில்லை. அப்புறம் ஃப்ளைட்டும் நின்றது. டிவிக்காரர்களும் கையோடு அந்த நாட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டார்கள். போர் மட்டும் அங்கேயே இருந்தது.

நெட் கிடைக்கிற நாளில் அம்மா பேசுவாள். தலைக்கு எண்ணெய் வைத்தாயா, கணக்கில் எவ்வளவு என்று கேட்பாள். அங்கே எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டால் "இன்னிக்குக் கரண்ட் இருக்குங்க" என்பாள். அவ்வளவுதான் அவளிடமிருந்து கிடைக்கும் போர்ச் செய்தி. அதனால் அப்பா ராத்திரி எட்டு மணிக்கு ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார், சேனல் சேனலாகத் தாவுவார். ஒரு கிரிக்கெட் வீரருக்குக் கால் சுளுக்கினால் அரைமணி நேரம் அந்தக் காலையே காட்டுவார்கள். அப்பா அந்தக் காலைத் திட்டுவார்.

"டிவில காட்டலைன்னா அங்க ஒண்ணும் நடக்கலைன்னுதானே அர்த்தம். பேசாம சாப்பிடுடா" என்று தம்பியை அதட்டுவாள் அத்தை.

என் கணக்கு வேறு. டிவியில் காட்டியபோது ஆட்கள் வந்தார்கள். காட்டுவதை நிறுத்தினார்கள், வருவதும் நின்றுவிட்டது. ஆக, மறுபடியும் காட்டினால் அம்மா வந்துவிடுவாள். இவ்வளவு எளிய விஷயம் பெரியவர்களுக்கு ஏன் மண்டையில் ஏறவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஸ்கூலில் என் அம்மா எங்கே என்று கேட்பார்கள். ஏமன் என்பேன். "துபாயா?" என்பார்கள். நாலைந்து தடவை விளக்கிப் பார்த்துவிட்டு, பிறகு ஆமாம், துபாய் என்றே சொல்ல ஆரம்பித்தேன். உடனே சாக்லேட் கேட்டார்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றால் ராஜகோபுரத்தில் விளக்கு எரிவது தெரியும். கீழே ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அம்மா தன் பிள்ளையை உள்ளே கூப்பிடுவது கேட்கும். எல்லாரையும் கூப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன். அத்தையும் என்னைக் கூப்பிடத்தான் செய்தாள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தனியாக இருந்தேன். வேறெப்படியும் அதைச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய நகரத்தில் குண்டு வெடித்தது. எந்த சேனலைத் திருப்பினாலும் அதே தெரு, அதே அழுகை. அதற்கென்று தனி இசைகூடப் போட்டார்கள். மறுநாள் ஸ்கூல் பிரேயரில் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொன்னார்கள். அந்த நகரத்தின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத என் பக்கத்து வரிசைப் பெண் அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பிரேயர் முடிந்ததும் வகுப்பு மிஸ்ஸிடம் போய், ஏமனில் எங்கள் அம்மா வேலை பார்க்கிற ஊருக்கும் ஒருநாள் இதே மாதிரி நிற்கலாமா என்று கேட்டேன்.

மிஸ் கையிலிருந்த அட்டெண்டன்ஸ் நோட்டை மூடினார். "பேப்பர்ல வந்தா நிக்கலாம்மா. பேப்பர்ல இருக்கிறதைத்தானே பிரேயர்ல படிக்கிறோம்" என்றார்.

அது உண்மைதான். எங்கள் ஸ்கூலில் தினமும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருத்தர் மேடையேறி அன்றைய செய்திகளை வாசிக்க வேண்டும். வாசித்ததைப் பேப்பரிலிருந்து வெட்டி எடுத்துவந்து போர்டில் குத்த வேண்டும். வெட்டிய துண்டு இல்லையென்றால் அது செய்தி இல்லை.

அன்றிலிருந்து பேப்பர்க்காரர் கீழேயிருந்து மாடிக்கு வீசும் பேப்பரை நான்தான் முதலில் பிரிப்பேன். அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வந்துதான் படிப்பார். தங்கம் விலை ஏறியது, இறங்கியது. எங்கோ ஒரு மிருகக்காட்சி சாலையில் பாண்டா குட்டி போட்டதைப் பெரிய படத்தோடு போட்டிருந்தார்கள். குட்டி நலமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அந்தப் பாண்டாவின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒரு நாள் வந்தது. உள்பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்கு மேலே, தீப்பெட்டி அளவில். அம்மா ஊரின் பெயரை அச்சில் பார்த்ததும் அதை மட்டும் மூன்று தடவை வாசித்தேன். அவ்வளவு சந்தோஷம். ஆஸ்பத்திரி மீது குண்டு விழுந்ததாகவும் நோயாளிகளும் ஊழியர்களும் பலியானதாகவும் இருந்தது. கடைசி வரியில், இறந்தவர்களில் இந்தியர்கள் யாரும் இல்லை என்று போட்டிருந்தது. அம்மா இந்தியர். ஆகவே எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து ஓரம் பிசிறாமல் வெட்டினேன். அத்தையிடம் மூச்சு விடவில்லை. அப்பாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அன்றைக்கு வாசிக்க வேண்டிய பெண், விட்டது சனி என்று இடத்தை எனக்குக் கொடுத்தாள். ஊர்ப்பெயரை அம்மா சொல்கிற மாதிரியே தொண்டையிலிருந்து சொல்லி, முழுச் செய்தியையும் வாசித்தேன். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். மிஸ் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். எல்லாரும் நின்றார்கள். இரண்டு நிமிஷம் இருக்காது, அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆனாலும் நின்றார்கள். மிஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "வீட்டுல யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். போர்டில் குத்த வேண்டிய துண்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். நன்றாக வாசித்ததற்கான பரிசு என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவில் இருந்த ஓட்டை வழியாக அவர் சட்டைப் பட்டன் தெரிந்தது.

"இதுல என்னம்மா இருந்துச்சு?"

நான் துண்டை எடுக்கக்கூட இல்லை. எல்லாம் மனப்பாடம். பிரேயரில் நிற்கிற மாதிரி நேராக நின்று, அதே குரலில் ஒப்பித்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. "கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். "இன்னொரு தடவை" என்றார். அத்தை தண்ணீர் கொண்டுவந்து நீட்டும்வரை சொல்ல வைத்தார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. மறுநாள் வேலைக்கும் போகவில்லை. இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்தும் என்னோடு ஒருவரும் பேசவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

அதற்கும் அடுத்த நாள் மத்தியானம் அம்மா பேசினாள். யாரோ ஒருவருடைய போனிலிருந்து. "நான் இருக்கேங்க" என்றாள், அதற்குள் லைன் போய்விட்டது. அத்தை சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். டிவி காட்டாவிட்டால் என்ன, பேப்பரில் வந்ததால்தான் இந்தப் பொங்கல் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வேலை பார்க்க ஆஸ்பத்திரியே இல்லை என்று ஆன பிறகு அம்மா கிளம்பினாள். கப்பலேறி, ஆப்பிரிக்கக் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். என் கணக்குப் பலித்துவிட்டது. அன்று சாயங்காலம் கூடத்தில் அப்பா, அத்தை எல்லாரும் இருக்கும்போது, பத்திரமாக வைத்திருந்த துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் பாதிப் புடவை விளம்பரம்தான் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இவ்வளவுதாம்மா போட்டாங்க. ஆனா கடைசில பாரு, நம்ம ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு போட்டிருக்கு."

அம்மா துண்டை மடித்தாள். மெதுவாக ஏதேதோ பெயர்கள் சொன்னாள். வார்டு கூட்டுகிற ஓர் அம்மா, ராத்திரி டூட்டியில் இவளுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுக்கிற ஒரு நர்ஸ், பேர் வைப்பதற்கு முன்பே போன ஒரு குழந்தை. குழந்தையைத் தவிர மற்றதெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நம்ம ஆளுங்கதாண்டி போனாங்க" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா இருந்தார். அத்தை இருந்தாள். நான் இருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் வீட்டில் பத்திரமாகத்தானே இருக்கிறோம், அம்மா யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.