பக்கத்து வீட்டு ஓக் மரத்துக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

நான் பேத்தாலஜிஸ்ட். திசுவை ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் எந்தக் கட்டிக்கும் பெயர் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட நான், நான் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோ ஊரில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டியின் ஓக் மரக்கிளையில் பெயின்ட் போலப் படிந்திருந்த கத்தரிப்பூ நிறப் பூஞ்சையைப் போட்டோ எடுத்து, ஆப் காட்டிய பெயரை நம்பி, "மரத்தையே கொன்னுடும் ஆன்ட்டி, வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மரம் வெட்ட ஆள் வரவிருந்த காலையில் ஆன்ட்டி கேட்டார்: "நீயே மைக்ரோஸ்கோப்ல பார்த்தியாம்மா?"

சுருக்கென்றது. ஒரு துணுக்கைச் சீவி எடுத்துப்போய்ப் பார்த்தேன். தடித்த செல்களின் நுனியில் கற்கண்டுத் தூள் ஒட்டியதுபோலப் படிகங்கள். புத்தகத்தோடு ஒப்பிட்டேன். பெனியோஃபோரா என்ற பேரினம். காய்ந்த கிளையில் வாழ்வது, மரத்தைக் கொல்லாது.

ஆள் வந்து வெட்டுவதற்குள் ஓடினேன். "தப்பா சொல்லிட்டேன் ஆன்ட்டி, மரம் நல்லா இருக்கு."

"அப்பாடா!" என்று மரத்திலேயே சாய்ந்துகொண்டார்.

பேத்தாலஜிஸ்ட்டிடம் நோயாளிகள் நேரில் வருவதில்லை. என் ரிப்போர்ட்டைக் கேட்டு ஒருவர் நிம்மதியாக மூச்சு விடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.