முந்தானை நனைந்ததா?

நல்லம்பள்ளிப் பக்கத்தில் எந்த எழவு வீட்டுக்குப் போனாலும் நஞ்சப்பன் முதலில் பார்ப்பது பிணத்தை அல்ல, அழுகிற பெண்களின் முந்தானையை. மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி, யாருடையது நனைந்திருக்கிறது, யாருடையது காய்ந்து கிடக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். திரும்பும் வழியில் கூட வருகிறவரிடம் தீர்ப்பும் சொல்லிவிடுவார். பெரிய மருமகள் போட்டது வெறும் சத்தம், சின்னவளுடையது பாதி நிஜம், மகள் ஒருத்திதான் அழுதாள், மீதியெல்லாம் நடிப்பு.

நடிப்பு என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மனுஷன் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். தக்காளித் தோட்டமும் கேழ்வரகுக் காடும் வற்றாத கிணறுமாக யாரிடமும் கைகட்டி நிற்காத விவசாயி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. சந்தேகம் ஒன்றுதான் அவருக்கு வெற்றிலை பாக்கு மாதிரி, வாயில் எப்போதும் கிடக்கும். கோயிலில் சாமி வந்து ஆடுகிறவனின் கையருகே கற்பூரத் தட்டைக் கொண்டுபோய், கையை இழுக்கிறானா என்று பார்த்து ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

சில நேரம் அவர் சொன்னது சரியாகவும் இருந்துவிடும். அதுதான் வினை. சந்தையில் கண் தெரியாதவன் என்று உட்கார்ந்திருந்த ஒருத்தனின் முன்னால் நாணயத்தை உருளவிட்டார். அவன் பார்வை அதன் பின்னாலேயே ஓடியது. அன்றைக்குச் சந்தையில் நஞ்சப்பன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து டிரைவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியபோதும், பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்து, முதலாளிக்குப் பயந்து நடிக்கிறான் என்றார். கால் இரண்டாக உடைந்திருந்தது. கூட வந்தவர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். இவர் அசரவில்லை. உடைந்தது நிஜம்தான், சத்தம்தான் கொஞ்சம் கூடுதல் என்றார்.

வெளியில் இப்படி என்றால் வீட்டில் கேட்கவே வேண்டாம். மனைவி காசியம்மாள் தலைவலி என்றால் நடிப்பு. மகள் தீர்த்தம்மாள் காய்ச்சலில் படுத்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிப்பு. காசியம்மாள் பதில் பேசமாட்டாள். முதல் பிள்ளை தங்காமல் போய், தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்த ஒற்றை மகள் என்பதால் அவளுடைய பேச்சு, சிரிப்பு எல்லாம் தீர்த்தம்மாளோடு சரி.

எண்பதுகளின் கடைசியில் டி.வி. வந்து சேர்ந்தது. நல்லம்பள்ளியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அன்வர் பாஷா ஒரு பெட்டியை வாங்கித் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஆன்டெனாவை ஒரு பக்கம் திருப்பினால் கன்னடம் பேசும், இன்னொரு பக்கம் திருப்பினால் தமிழ் இரைச்சலோடு வரும். சாயங்காலமானால் கடை வாசலில் கூட்டம். நஞ்சப்பனும் தவறாமல் வருவார், ரசிக்க அல்ல, குற்றம் கண்டுபிடிக்க. உழவு ஓட்டுகிற ஆளின் வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லையே என்பார். நாற்று நடுகிற பெண்ணின் கையில் கடிகாரத்தைக் காட்டுவார். அவர் சொன்ன பிறகு கூட்டத்துக்கும் அது மட்டும்தான் தெரியும். பெட்டியை வாங்கினது நான், படத்தைக் கெடுக்கறது நீங்களா அண்ணே என்று அன்வர் பாஷா சிரிப்பார்.

அப்படியிருக்கையில்தான் கிராம சேவிகா ஜானகியம்மாள் ஒரு சேதியோடு வீட்டுக்கு வந்தாள். டி.வி.காரர்கள் வருகிறார்களாம். கதை இல்லை, நாடகம் இல்லை, நிஜக் குடும்பத்தில் நடக்கிற நிஜப் பிரச்சினையை அப்படியே படம் பிடிக்கப் போகிறார்களாம். அதற்கு நஞ்சப்பன் குடும்பம் தோதாக இருக்கும் என்றாள். பிரச்சினை ஊருக்கே தெரிந்ததுதான். தீர்த்தம்மாள் பத்தாவது படிக்கிறாள், வகுப்பில் முதலாவது. பரீட்சை முடிந்த கையோடு அவளைத் தன் தங்கை ராமக்காளின் மகன் மாதுவுக்குக் கட்டி வைப்பதாக நஞ்சப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வீட்டுக் காடும் ஒரே வரப்பில் சேர்ந்து கிடந்தது. கல்யாண வயசு ஆகவில்லை என்று ஜானகியம்மாள் ஏற்கெனவே சண்டை போட்டுப் பார்த்திருந்தாள். அதனால் இவளுடைய சேதிக்குள் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நஞ்சப்பனுக்குப் பட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். உள்ளே போய்ப் பார்த்தால்தானே அவர்களுடைய வண்டவாளம் தெரியும்.

வந்தவர்கள் அவரை ஏமாற்றவில்லை. அதாவது, அவர் எதிர்பார்த்த ஏமாற்று வேலை ஒன்றுகூடக் குறையாமல் நடந்தது. கொட்டகையில் நின்ற பசுவை அவிழ்த்துப் புளியமரத்தடியில் கட்டினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பித்தளைக் குடம் வாங்கி வாசலில் வைத்தார்கள். காசியம்மாள் நேற்றே புடைத்து வைத்த கேழ்வரகை மறுபடியும் முறத்தில் கொட்டிப் புடைக்கச் சொன்னார்கள். சலவைச் சட்டை போட்டிருந்த நஞ்சப்பனைக் கசங்கின சட்டைக்கு மாறச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

வந்தவர்களில் கண்ணாடி போட்ட பெரியவர்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். நஞ்சப்பன் கல்யாணம் என்று கத்த வேண்டும், அம்மா படிப்பு என்று சொல்ல வேண்டும், கடைசியில் இவர் இறங்கி வந்து, சரி, படிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். நான் எதுக்குங்க எறங்கணும் என்று கேட்டார் நஞ்சப்பன். நிகழ்ச்சி நல்லபடியாக முடிய வேண்டாமா என்றார் அவர். நடிப்புதானே, போகட்டும் என்று தலையாட்டினார். முந்தின நாளே தங்கையிடமும், அன்வர் பாஷா கடையிலும், வழியில் பார்த்தவர்களிடமும், டி.வி.யில நான் என்ன சொன்னாலும் நம்பாதீங்க, அத்தனையும் நடிப்பு என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

காமிரா ஓட ஆரம்பித்தது. நஞ்சப்பன் கத்தினார். காசியம்மாள் முறத்தைப் பார்த்தபடி, பொண்ணு படிக்கட்டுங்க என்றாள். கண்ணாடிக்காரருக்குப் போதவில்லை. ஏன் படிக்கணும், அதைச் சொல்லுங்கம்மா, மனசுல இருக்கறதைச் சொல்லுங்க என்றார். காசியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மொதப் பிள்ளைக்கு எனக்கு வலி வந்தப்ப நடிக்காதடின்னு சொன்னீங்க. வெயில் சாயட்டும், அப்புறம் வண்டி கட்டறேன்னு தக்காளிக்குத் தண்ணி பாய்ச்சப் போனீங்க. வெயில் சாஞ்சு, வண்டி கட்டி, தர்மபுரி போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பொறந்த பிள்ளை அழுகலைங்க. அதுக்கு நடிக்கக்கூடத் தெரியலை. இவளையும் இந்த வயசுல கட்டிக் குடுத்து, நாளைக்கு வலி வந்து சுருண்டு கெடந்தா, அங்கயும் ஒருத்தன் வந்து நடிக்காதடிம்பான். எம்பொண்ணு படிக்கட்டும். அவ ஒண்ணு சொன்னா நாலு பேரு நம்பற மாதிரி ஆவட்டும்."

நஞ்சப்பன் அடுத்துச் சொல்ல வேண்டியதை மறந்துபோய் நின்றார். கண்ணாடிக்காரர் சைகை காட்டின பிறகுதான், சரி, படிக்கட்டும் என்று வாயிலிருந்து வந்தது. அந்த நேரம் பார்த்துத் தக்காளி ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தபடி தெருவுக்குள் நுழைந்தது. சத்தம் கலந்திருக்கும், எதற்கும் இன்னொரு தரம் எடுத்துவிடலாம் என்றார்கள். காசியம்மாள் இன்னொரு தரம் சொன்னாள். அதே வார்த்தைகள், அதே இடத்தில் நிறுத்தம், அதே இடத்தில் கண்ணீர்.

அங்கேதான் நஞ்சப்பனுக்கு மூச்சு வந்தது. நிஜமாக வந்த பேச்சு இரண்டு தரம் ஒரே மாதிரி எப்படி வரும்? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாதர் சங்கத்தில் ஜானகியம்மாளும் இவளும் தலையோடு தலை சேர்த்துப் பேசினதை அவரே பார்த்திருக்கிறார். சினிமாவில் கண்ணில் கிளிசரின் விட்டு அழுவார்கள் என்று அன்வர் பாஷா சொன்னதும் ஞாபகம் வந்தது. பெட்டிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரரிடம் போய், கிளிசரின் கொண்டுவந்தீங்களா என்று மெதுவாகக் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் எங்களிடம் இல்லை, உங்கள் வீட்டு அம்மாவுக்கு அது தேவையும் இல்லை என்றார். நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தார். காசியம்மாள் மறுபடியும் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முந்தானை நனைந்திருந்தது. அவர் பார்க்காத மாதிரி கிணற்றுப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் சந்தேகப்படாதது வீட்டுப் பசுவை மட்டும்தான். ஜானகியம்மாளைச் சந்தையில் மடக்கிக் கேட்டார். அந்தப் பிள்ளையைப் பற்றி இதற்கு முன்னால் காசியம்மாள் தன்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை என்று அவள் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். அதையும் அவர் நம்பவில்லை. காசியம்மாள் எப்போதும்போல் சோறு போட்டாள், எப்போதும்போல் பேசாமல் இருந்தாள். அவளிடமே கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். நடிப்பா என்று கேட்டு அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அவருக்கு அப்படியொரு பயம் வரும் என்று முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அதையும் நடிப்பு என்றிருப்பார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான சாயங்காலம் அன்வர் பாஷா கடை வாசலில் நிற்க இடமில்லை. ராமக்காளும் வந்திருந்தாள். காசியம்மாள் வரவில்லை. பெட்டியில் பசுவைப் பார்த்துச் சிரித்தார்கள், குடத்தை அடையாளம் கண்டு சிரித்தார்கள். பிறகு காசியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

பேச்சின் நடுவில் நஞ்சப்பனின் முகத்தைக் காட்டினார்கள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தன்னை யாரும் படம் பிடிக்கவில்லை என்று நினைத்து நின்றிருந்த முகம் அது. உதடு கோணி, கண் எங்கேயோ சொருகி, அடிபட்ட ஆள் மாதிரி இருந்தது. எத்தனை எழவு வீட்டில் எத்தனை முகம் பார்த்தவர். எது நிஜம், எது பொய் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர். அந்த முகத்தை அப்படி வைக்கச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காசியம்மாள் சொன்னது பொய்யாக இருந்தால் அந்த முகம் அப்படி ஆகியிருக்காது. வலி வந்த அன்றைக்கு மத்தியானம் அவள் கயிற்றுக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டது, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தான் நடந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். எப்போதும் தெரிந்துதான் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் பின்னாலிருந்து யாரோ தோளில் தட்டி, அண்ணே, பிரமாதமா நடிச்சிருக்கீங்க என்றார்கள். இன்னொருத்தர், காசியம்மா இன்னும் ஒரு படி மேலே, சினிமாக்காரி தோற்றாள், வலி வந்தப்ப நடிக்காதடின்னு சொன்ன அந்தக் கதையை எங்கே பிடித்தாள் என்று சிரித்தார். ஊர் முழுக்கச் சொல்லி வைத்தது அவர்தானே. நஞ்சப்பன் இல்லை என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

ராமக்காள் விடவில்லை. கூடவே வீடு வரைக்கும் வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரர் பக்கத்து ஊரில் இதைப் பார்த்திருப்பார், நாளைக்குக் காலையில் கேட்பார், நான் என்ன பதில் சொல்வது என்றாள். "நடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு அண்ணா. மத்ததை நான் பாத்துக்கறேன். பரீட்சை முடிஞ்சதும் கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

ஒரு வார்த்தைதான். ஆயுசு முழுக்க அவர் வாயில் புழங்கின வார்த்தை. புத்தகத்தை மடியில் வைத்திருந்த தீர்த்தம்மாள் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பங்கரையிலிருந்து காசியம்மாள் பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"நீங்க சொன்னது நடிப்புன்னா நான் சொன்னதும் நடிப்புன்னே இருக்கட்டுங்க. நீங்க சொன்னது நெசம்னா நான் சொன்னதும் நெசம். எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

நஞ்சப்பன் தங்கையைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. அடுப்பு வெளிச்சம் விழுந்த சுவரைப் பார்த்தபடி, "நெசந்தான் ராமக்கா" என்றார். "ரெண்டும் நெசம். அவ படிக்கட்டும்."

வரப்பு ஒன்றானால் என்ன, மனசு ஒன்றாக இல்லையே என்று ராமக்காள் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனாள். தீர்த்தம்மாள் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

காசியம்மாள் சோறு போடத் தட்டோடு வந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டு தட்டில் படாமல் இருக்க எடுத்து ஓரமாகப் போடப் போனவள், அதன் முனையைக் கையில் பிடித்தபடி நின்றாள். விரலால் ஒருதரம் நெருடிப் பார்த்தாள்.

வேர்வை, புழுக்கமா இருக்குது என்றார் நஞ்சப்பன்.

காசியம்மாள் துண்டைக் கொடியில் போட்டாள். திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"நடிக்காதீங்க" என்றாள்.