செத்த பட்டாணியின் காய்ச்சல்

“இந்த லேபுல எதுக்கு உயிர் இருக்கு, எதுக்கு இல்லைன்னு நான் சொன்னா சொன்னதுதான். தெர்மாமீட்டர் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.”

பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர் இப்படிப் பிரகடனம் செய்தபோது அவருக்குப் பணியில் இருபத்திரண்டாவது ஆண்டு. இடுப்பில் பதினோரு சாவிகள் தொங்கியதால் பள்ளி முழுக்க அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். ஆள் வருமுன்பே அதிகாரம் கிலுகிலுத்துக்கொண்டு வந்துவிடும். பிரகடனத்தைக் கேட்டவர் உயிரியல் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம் என்பதால் நம்பிவிட்டார்.

சோதனை எளியதுதான். முளைவிட்ட பட்டாணியை ஒரு தெர்மாஸ் பிளாஸ்கில் போட்டு, வெப்பமானியைச் செருகிப் பஞ்சால் அடைக்க வேண்டும். வேகவைத்த பட்டாணியை இன்னொரு பிளாஸ்கில். முளைவிட்டதன் செல்கள் உள்ளே சேர்த்துவைத்த சர்க்கரையை ஆக்சிஜனைக் கொண்டு சிறிது சிறிதாக உடைத்து, வளர்வதற்கான ஆற்றலை எடுத்துக்கொள்ளும். மிச்சம் வெப்பமாகக் கசியும், பிளாஸ்க் சூடேறும். வெந்தது செத்தது. அது சும்மா கிடக்கும்.

கிடக்கவில்லை. மூன்றாம் நாள் உயிருள்ள பட்டாணி முப்பத்தொரு டிகிரி காட்டியது. செத்தது முப்பத்தாறு.

“என்னண்ணா, செத்ததுக்குக் காய்ச்சல் அடிக்குது?” என்றார் டீச்சர்.

“சரியா வேகலை டீச்சர். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கு.”

முன்பிருந்த ஆசிரியர் வெப்பமானியைப் பார்க்காமலேயே விடையைப் பலகையில் எழுதிவிடும் பெருந்தன்மை கொண்டவர். அதனால் இத்தனை ஆண்டுகளில் இந்தச் சோதனை ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

அடுத்த முறை சாவிக்கொத்து இரண்டு மணி நேரம் வேகவைத்தார். பட்டாணி கூழாகிவிட்டது, இனி அதற்கு உயிர் இருந்தால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். முப்பத்தொன்பது. வெப்பமானியைச் சந்தேகித்து மாற்றினார். பிளாஸ்கை மாற்றினார். பஞ்சை மாற்றினார். கடைசியில் மளிகைக் கடைக்கே போய்ச் சண்டை பிடித்தார்.

“உங்க பட்டாணி வெந்தப்புறமும் சூடாகுதுய்யா.”

“ஆறவெச்சுச் சாப்பிடுங்க சார்” என்றார் கடைக்காரர்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். “வெள்ளிக்கிழமை பிராக்டிகல். வெளியிலிருந்து தேர்வாளர் வர்றார். அன்னைக்கும் செத்தது கொதிச்சா, சாவியை லைப்ரரியன்கிட்ட கொடுத்துட்டு நீங்க ஸ்டோர் ரூமுக்குப் போயிடுங்க.”

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போது சாவிகளைச் சத்தம் வராமல் கையில் பொத்திக்கொண்டு வந்தார். மனைவி மூக்கைச் சுளித்தார்.

“சட்டையில என்னங்க இந்த நாத்தம்?”

“பட்டாணி. வேகவெச்சது.”

“எத்தனை நாளாச்சு?”

“மூணு.”

“வெந்ததை மூணு நாள் மூடி வெச்சா, கண்ணுக்குத் தெரியாததெல்லாம் குடும்பத்தோட வந்து தின்னுக்கிட்டு இருக்கும். இது எனக்கே தெரியுது. நீங்க பெரிய லேப்காரர்.”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தின்பது என்றால் சர்க்கரையை உடைப்பது. உடைத்தால் சூடு. வேகவைக்க வேகவைக்கத் தின்பவர்களுக்கு மெல்லும் சிரமம்கூட இல்லாமல் தானே பரிமாறியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை அலமாரியில் இருந்த செய்முறைப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். நான்காவது வரி: இரண்டு பிளாஸ்குக்கான பட்டாணியையும் கிருமிநாசினியில் ஊறவைத்துக் கழுவவும். கிருமிநாசினி வருடாவருடம் வந்துகொண்டுதான் இருந்தது. பட்டாணியைக் குளிப்பாட்டுவது வீண்செலவு என்று முடிவுகட்டி, அதைக் கொண்டு வாராவாரம் மேசைகளைத் துடைத்துவந்தார். அந்த அறையில் சந்தேகமில்லாமல் செத்திருந்தது மேசைகள் மட்டும்தான்.

ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பட்டாணியைக் கழுவினார். பிளாஸ்கைக் கழுவினார். தன் கையையும் கழுவினார்.

வெள்ளிக்கிழமை தேர்வாளர் பெயர்ச்சீட்டு இல்லாத இரண்டு பிளாஸ்குகளையும் பார்த்தார். “இதுல எது உயிரோட இருக்கு?”

டீச்சர் சாவிக்கொத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம் சார், பார்த்துட்டுச் சொல்றேன்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி குனிந்தார். இடதுபுறம் முப்பத்தொன்று. வலதுபுறம் அறையின் அதே இருபத்தேழு. மறுபடி இடதுபுறத்தைப் படித்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.