‘அயச்சோ?’ என்று கேட்டார் சுகு

1. சத்தம் சொல்ல வருகிறவர்கள்

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற யாரும் பழுதின் பெயரைச் சொல்வதில்லை. சத்தத்தைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேனோ என்று சில சமயம் தோன்றும். “முறத்துல கல்லு உருளுதுல்லா, அது மாதிரி” என்பார் பாறசாலையிலிருந்து வரும் வாழைக்காய் வியாபாரி. “எண்டெ வண்டி ராத்திரி முழுக்க இருமின ஆளு மாதிரி எழும்புது” என்பார் தம்பானூர் லாட்ஜில் வேலை பார்க்கும் அக்கா. புதிதாக ஸ்பானர் பிடிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஆளைப் பேச விடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

சாலை பஜாரின் பின்சந்தில், ஒரு கயிற்றுக் கடைக்கும் பித்தளைப் பாத்திரக் கடைக்கும் நடுவில் எங்கள் ஷெட். நான் நாகர்கோவில் பக்கம். கூட்டாளி சுகு விழிஞ்ஞத்துக்காரர். வள்ளத்து இன்ஜினில் கை பழகி, பிறகு பைக்குக்கு வந்தவர். நான் தமிழில் பேசுவேன், அவர் மலையாளத்தில் பேசுவார். நடுவில் எங்கோ இரண்டும் கலந்துவிடும். அப்படியே காலம் ஓடியது. ஒரே ஒரு தடவைதான் அந்தக் கலப்பில் கால் தடுக்கினோம்.

இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய ஒரு மத்தியானம். தகரக் கூரையில் மழை விழ, எதிரே மல்லி மூட்டை நனைந்த வாசனை சந்து முழுக்க மிதந்தது. அந்த ஈரப் புகைக்குள்ளிருந்து கரமனை கிட்டு சாமி தன் பழைய நூறு சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாணச் சமையற்காரர். பின்னால் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெயா மாமி. வண்டி ஓடாமல் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

“ஓடறது ஓய். நன்னா ஓடறது. இவதான் ஏற மாட்டேங்கறா” என்றார் சாமி.

“ஏன் மாமி, சாமி ஸ்பீடா போறாரா?”

“இவரா? சைக்கிள்காரன் மணியடிச்சு ஒதுங்கச் சொல்றான். ஸ்பீடு இல்ல. சத்தம். தகர டப்பாவுல புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கற மாதிரி.”

ஸ்டார்ட் செய்தேன். நின்ற நிலையில் கடகடவென்றது. கொஞ்சம் முறுக்கினால் மறைந்தது. விட்டால் மறுபடி வந்தது. டைமிங் செயின். புத்தகத்தில் கேம் செயின் என்று இருக்கும். இன்ஜினின் அடியில் சுற்றும் கிராங்கிலிருந்து மேலே வால்வுகளைத் திறக்கும் கேமுக்கு ஓடுகிற சின்னச் சங்கிலி. ஓடி ஓடி நீண்டு, தளர்ந்து, சுவரில் அடிக்கிறது.

“டைமிங் செயின் லூஸ் மாமி. அதைத் தாங்கிப் பிடிக்கிற டென்ஷனரைச் சரி பண்ணினா போதும்.”

“டென்ஷனர் எனக்கா, வண்டிக்கா?” என்றார் மாமி. சுகு சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, தன் நெஞ்சில் கை வைத்தார்.

“எனக்கும் உள்ள ஒரு வால்வு இருக்கு. இரும்பு வால்வு. ஆபரேஷன் பண்ணி வச்சது. டிக் டிக்னு எனக்குக் கேட்டுண்டே இருக்கும்.”

“எனக்கும் கேக்கும்” என்றார் சாமி. “ஆஸ்பத்திரிலேந்து வந்த புதுசுல அந்தச் சத்தத்துல தூக்கமே வரல. இப்ப அது கேட்டாத்தான் தூங்கறேன்.”

விஷயம் இதுதான். மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு மாமி மெடிக்கல் காலேஜ் பக்கம் போக வேண்டும். போவது சாமியின் வண்டியில். திரும்பும்போது நேரே வீட்டுக்கு வராமல் சங்குமுகம் கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். கடகட தொடங்கியதிலிருந்து, பின்சீட்டில் உட்கார்ந்தால் மாமிக்குத் தன் டிக் டிக் கேட்பதில்லை. நின்றுவிட்டதோ என்று உள்ளங்கை வேர்க்கிறது. இப்போது ஆட்டோவில் போய், ஆட்டோவிலேயே திரும்புகிறார்.

“ஆத்துல பிள்ளை, மாட்டுப்பொண், பேரன், டிவி. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இந்த வண்டி மேலதான்” என்றார் சாமி. “பிள்ளை வித்துடுங்கோங்கறான். இவ ஏறலேன்னா எனக்கும் இது எதுக்கு? சத்தம் போகணும் ஓய். ஆனா வண்டியோட குரல் போகப்படாது. அந்தக் குரல்லதான் இவ பேசிப் பழகியிருக்கா.”

இப்படி ஒரு ஆர்டர் யாரும் எனக்குத் தந்ததில்லை.

2. ஸ்பிரிங்குக்கு விடுகிற வேலை

இந்த மாடலில் டென்ஷனரை இறுக்குகிற வேலையே கிடையாது. பலருக்கு இது பிடிபடுவதில்லை. சிலிண்டருக்குப் பின்னால் ஒரு போல்ட் இருக்கும். அதைத் திருகினால் செயின் இறுகும் என்று நினைத்து, பலத்தையெல்லாம் போட்டு முறுக்குவார்கள். அது வெறும் பூட்டு. உள்ளே ஒரு ராட், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தனக்கு வேண்டிய அளவு ராடைத் தள்ளி, செயினில் மெல்லச் சாய்த்துவிடும். அங்கேயே பூட்டிவிட வேண்டும். நம் வேலை கையை எடுத்துக்கொள்வதுதான்.

ஒன்று மட்டும் முக்கியம். பிஸ்டன் மேலே வந்து, அதைக் காட்டும் சக்கரத்து டி மார்க் நேராக நின்று, வால்வுகளைத் தட்டும் இரண்டு டாப்பெட்டும் லேசாக ஆடும் நிலையில்தான் தளர்த்த வேண்டும். வேறு இடத்தில் நின்றால் வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளிக்கொண்டிருக்கும். செயினின் தளர்வெல்லாம் டென்ஷனர் பக்கம் வந்து கூடும். ராட் அதையும் நம்பித் தள்ளிவிடும். செயின் அளவுக்கு மேல் இறுகிப்போகும்.

டி மார்க்கில் வைத்தேன். தளர்த்தினேன். மழைக்குள்ளேயும் அந்தச் சின்ன ‘டக்’ கேட்டது. தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போல. பூட்டினேன். செயின் தடையில்லாமல் ஓடுகிறதா என்று கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, ஏதோ ஓர் இடத்தில் விட்டுவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்க வாசலுக்குப் போனேன்.

உள்ளேயிருந்து சுகு குரல் கொடுத்தார்: “அண்ணா, போல்ட் அயச்சோ?”

“இல்லடே, இல்ல!” என்றேன்.

திரும்பி வந்தபோது வண்டி ஸ்டார்ட் செய்ய ரெடியாக இருந்தது.

மாமி சென்டர் ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏறி, ஒருபக்கமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டார்ட் செய்தேன். கடகட இல்லை. சாமியின் முகம் மலர்ந்தது. லேசாக முறுக்கினேன்.

மாமி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “புளியங்கொட்டை போயிடுத்து. ஆனா இப்ப முனகறது. பல்லைக் கடிச்சிண்டு வேலை செய்யறவா மாதிரி. இது எங்க வண்டி இல்ல.”

இறங்கிவிட்டார். சாமி துண்டால் சீட்டைத் துடைத்தார். துடைக்க அங்கே ஈரம் எதுவும் இல்லை. “சரி, அந்தப் பித்தளைக் கடைக்காரர் வண்டி கேட்டிருந்தார்…” என்று ஆரம்பித்தார்.

“இருங்க சாமி” என்றேன். நீள ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் ஊன்றிக் காதில் வைத்துக் கேட்டேன். மாமி சொன்ன முனகல் இருந்தது. செயின் இறுகிப்போயிருந்தது. நான் பூட்டிய இடம் இது இல்லையே?

“சுகு, நீ இதுல கை வச்சியா?”

“வச்சு. ஞான் சோதிச்சில்லே அண்ணா, அயச்சோந்நு? அண்ணன் இல்லன்னு பறஞ்சு. அதுகொண்டு ஞான் அயச்சு, முறுக்கி.”

“நான் அயத்துட்டேனான்னு நீ கேட்டன்னுல்லா நெனச்சேன்!”

சுகுவுக்குப் புரியவில்லை. சாமிக்குப் புரிந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சுகுவின் மலையாளத்தில் ‘அயச்சோ’ என்றால் தளர்த்தியாச்சா. எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் ‘அயத்துப்போச்சு’ என்றால் மறந்துபோச்சு. என் மறதியை வைத்து சுகு தினமும் கேலி செய்வார். மழைச் சத்தத்தில், போல்ட்டைப் பூட்ட மறந்துட்டீரா என்று கேட்பதாக என் காது எடுத்துக்கொண்டது. மறக்கவில்லை என்றேன். தளர்த்தவில்லை என்று அவர் காது எடுத்துக்கொண்டது. கிராங்க் கண்ட இடத்தில் நிற்க, அவர் தளர்த்திப் பூட்டிவிட்டார். எத்தனையோ வருஷம் ஒரே டீயைப் பகிர்ந்து குடித்த இரண்டு பேர்.

“நன்னாருக்கு” என்றார் மாமி. “நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா சரியாத்தான் பண்ணியிருக்கேள்.”

இந்த முறை போனை அணைத்தேன். போல்ட்டைத் தளர்த்தி, கிராங்கை மெல்லச் சுற்றி டி மார்க்குக்குக் கொண்டுவந்தேன். ராட் பின்வாங்கி, தன் இடத்தில் சாய்ந்தது. சுகு குனிந்து பார்த்தார். “லூஸாக்கியோ?” என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். “ஆக்கியாச்சு.” “இனி முறுக்கட்டே?” “முறுக்கு.”

மாமி மறுபடி ஏறி உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீர், அதன் கீழே இன்ஜினின் தட் தட் தட். நாங்கள் மூன்று பேரும் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாமியின் விரல் நெஞ்சின் மேல் மெல்ல அசைந்தது, தாளம் போடுவது போல.

“என்னோடது கேக்கறது” என்றார்.

பிறகு சாமியைப் பார்த்து, “என்ன மசமசன்னு நிக்கறேள்? ஏறுங்கோ” என்றார்.

3. நான் கற்றுக்கொண்டது

இறுக்கினால்தான் சரியாகும் என்று தோன்றும் இடங்களில், முதலில் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கிறேன். இது டென்ஷனரிடம் கற்றது. தெரிந்த வார்த்தையாக இருந்தாலும், கேட்டவர் எந்த ஊர்க்காரர் என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். இது சுகுவிடம் கற்றது.

சுகு பழக்கத்தை விடவில்லை. இப்போதும் வேலை முடிகிற நேரத்தில், வேண்டுமென்றே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, “அண்ணா, அயச்சோ?” என்பார். “அயச்சேன். அயத்துப்போகல” என்பேன்.

சென்ற மாதம் ஒரு வெயில் மங்கிய சாயங்காலம் இருவரும் சந்து முனையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த வண்டி எங்களைக் கடந்து போனது. பார்த்ததால்தான் தெரிந்தது, சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாமியின் புடவைக் கரையில் கடல் மணல் ஒட்டியிருந்தது. சாமி எங்களைக் கவனிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அவர் காதருகே மாமி ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.